மடக்குக்கத்தி வாங்கும்போது மூட்டைப் பாருங்கள்

காட்பாடியில் மோட்டாருக்கு காயில் கட்டும் கடை எங்களுடையது. குடியாத்தம், அணைக்கட்டு, லத்தேரி பக்கமிருந்து எரிந்துபோன போர்வெல் மோட்டார்கள் இங்கே வரும். இந்த வேலையில் காலையிலிருந்து இரவு வரை எதையாவது வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பருத்தி நாடா, ஸ்லீவ், இன்சுலேஷன் பேப்பர், கட்டுநூல் எல்லாவற்றுக்கும் கத்தி. செம்புக் கம்பியின் நுனியில் எனாமல் பூச்சைச் சுரண்டவும் கத்திதான். அதனால் வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "அண்ணா, எந்தக் கத்தி வாங்கட்டும்?"

என் பதில் எப்போதும் ஒன்றுதான். இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிற பழைய மாதிரி மடக்குக்கத்தி போதும். ஆனால் வாங்கிய கையோடு பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. ஒரு சாயங்காலம் அதோடு உட்கார வேண்டும். விலை கூடிய கத்தியில் தொழிற்சாலையில் முடித்து அனுப்பும் வேலையை மலிவுக் கத்தியில் நாம் செய்துகொள்கிறோம். எல்லாக் குறையும் அப்படிச் சரியாகிவிடும் என்று சொல்லமாட்டேன். சிலவற்றை எவ்வளவு தேய்த்தாலும் மாற்ற முடியாது. எதை வீட்டில் சரிசெய்யலாம், எதைப் பார்த்ததும் கடையிலேயே திருப்பி வைத்துவிட வேண்டும் என்று தெரிந்தால் பணமும் விரலும் தப்பும்.

பேனாக்கத்தி என்றும் இதைச் சொல்கிறோம். இறகுப் பேனா இருந்த காலத்தில் இறகின் நுனியைச் சீவ வைத்திருந்த சின்னக் கத்திக்கு வந்த பெயர் அது. நம்மிடமும் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு முனையில் ஓலையில் எழுதும் ஆணி, மறுமுனையில் கத்தி, மடக்கி வைத்துக்கொள்ளலாம். எழுதுகிறவன் கையில் கத்தி இருப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை.

கத்தி வாங்கப் போகிற எல்லோரும் முதலில் கேட்பது "இரும்பு நல்ல இரும்பா?" என்றுதான். அலகும் கைப்பிடியும் சேரும் மூட்டைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். கூர் மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். மூட்டு ஏமாற்றினால் விரல் போகும். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பெல்ட்டில். இடுப்புப் பெல்ட்டில் கூடுதலாக ஒரு ஓட்டை வேண்டியிருந்தது. பொய்கை சந்தையில் வாங்கிய கத்தியின் முனையைத் தோலில் ஊன்றி, உள்ளங்கையால் அழுத்தித் திருகினேன். தோல் விட்டுக்கொடுக்கவில்லை, ஸ்பிரிங் விட்டுக்கொடுத்தது. அலகு திரும்பி மடங்கி ஆட்காட்டி விரலின் நடுக்கணுவில் இறங்கியது. மூன்று தையல். இன்றைக்கும் அந்த விரலை முழுதாக மடக்கினால் தோல் இழுக்கும். கத்தி மேல் தப்பே இல்லை. வெட்டத்தான் அதற்குத் தெரியும், குத்தித் திருக அதைச் செய்யவில்லை.

திறந்த அலகை எது பிடித்துக்கொள்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பழைய பாணிக் கத்திகளில் மூன்று ஏற்பாடுகள் உண்டு.

ஒன்று, வெறும் உராய்வு. ஜப்பானின் ஹிகோனோகாமி இதற்கு நல்ல உதாரணம். ஹியோகோ மாகாணத்து மிக்கி என்ற ஊரில் 1890-களில் பிறந்த கத்தி. ஒரு தகட்டை மடித்தால் கைப்பிடி, அதற்குள் ஓர் அலகு, இரண்டையும் சேர்க்க ஒரு ரிவிட்டு. ஸ்பிரிங் கிடையாது, பூட்டும் கிடையாது. அலகின் அடியிலிருந்து ஒரு சின்ன வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரல் அந்த வாலை அழுத்திப் பிடித்திருக்கும்வரை அலகு மடங்காது. விரலை எடுத்தால் ரிவிட்டின் இறுக்கம் மட்டும்தான் துணை. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் பூட்டு இல்லை என்பது கையிலேயே தெரிவதால் யாரும் அதை நம்பி மோசம் போவதில்லை.

இரண்டாவது ஸ்பிரிங். நம் சந்தைகளில் பரப்பி வைத்திருப்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகை. கைப்பிடியின் முதுகில் ஒரு பட்டை எஃகு ஓடும். அது அலகின் அடிப்பாகத்தை அழுத்திக்கொண்டே இருக்கும். திறக்கும்போதும் மூடும்போதும் "டக்" என்று சத்தம் வருவது அதனால்தான். பிரான்சின் தியேர் ஊரில் 1929 முதல் செய்துவரும் டூக்-டூக் கத்தியும் இப்படித்தான், மடித்த இரும்புத் தகட்டுக்குள் ஒரு ஸ்பிரிங். பசிபிக் தீவுக்காரர்களுக்கு விற்கலாம் என்று செய்த மலிவுக் கத்தி அது. ஸ்பிரிங் வகையில் ஒரு மயக்கம் உண்டு. "டக்" சத்தத்தைக் கேட்டதும் பூட்டிக்கொண்டது என்று கை நம்பிவிடும். அது பூட்டு இல்லை. ஒரு அளவுக்கு மேல் முதுகுப் பக்கம் தள்ளினால் மடங்கத்தான் செய்யும்.

மூன்றாவது பூட்டு. மலிவான பழைய பாணியில் நல்ல பூட்டு என்றால் எனக்கு நினைவுக்கு வருவது ஒப்பினெல். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-ல் செய்யத் தொடங்கினார். 1897-ல் 1 முதல் 12 வரை எண் போட்டு அளவுகள் வந்தன. 8-ஆம் எண்ணின் அலகு 8.5 சென்டிமீட்டர், அதிகம் பேர் வைத்திருப்பது அதுதான். மூட்டின் மேல் ஒரு வளையம் இருக்கும், திருப்பினால் அலகு மடங்காது. அந்த வளையம் வந்தது 1955-ல். அதற்கு முன் 65 வருடம் வெறும் உராய்விலேயே ஓடிய கத்தி. அங்கே சாதாரண மனிதர்கள் பையில் கிடக்கிற பொருள், இங்கே இறக்குமதியாகி வரும்போது நம் சந்தைக் கத்தியைப் போலப் பல மடங்கு விலை ஆகிவிடுகிறது. முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் குறையொன்றும் இல்லை, மேலே படியுங்கள்.

பட்டனைத் தட்டினால் பாய்ந்து திறக்கும் கத்தியை வாங்கவே வேண்டாம். மலிவில் வரும் பட்டன் கத்தியின் உள்வேலை அத்தனை மோசம். அதோடு, பையில் இருந்து எடுத்தால் பார்க்கிறவர் முகமே மாறிவிடும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

பொய்கை மாட்டுச்சந்தை செவ்வாய்க்கிழமை கூடும். கயிறு, கழுத்துமணி விற்கிறவர்கள் பக்கத்தில் தார்ப்பாய் விரித்துக் கத்தியும் வைத்திருப்பார்கள். வேலூரில் லாங்கு பஜார் பக்கம் இரும்புச் சாமான் கடைகளில் கேட்டாலும் எடுத்துக் காட்டுவார்கள். எங்கே வாங்கினாலும் ஒரே மாதிரிக் கத்தியாக நான்கைந்தை எடுத்து வரிசையாக வையுங்கள். மலிவுக் கத்தியில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே வியப்பாக இருக்கும். ஒரே பெட்டியில் வந்தவற்றில் ஒன்று தங்கமாக இருக்கும், பக்கத்தில் இருப்பது கோணலாக இருக்கும். கடைக்காரர் சலித்துக்கொண்டால் பரவாயில்லை, "ஒண்ணு வாங்கிக்கிறேன் அண்ணே, கொஞ்சம் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள்.

முதலில் மடக்கிய நிலையில் முனை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விரலைக் கைப்பிடியின் திறந்த பக்கம் மெதுவாக ஓட்டினால் எங்கும் குத்தக் கூடாது. முனை வெளியே தலைகாட்டினால் வைத்துவிடுங்கள். சட்டைப்பையில் கை விடும்போதெல்லாம் கீறும்.

அடுத்து திறந்து, கைப்பிடியை ஒரு கையிலும் அலகை இன்னொரு கையின் இரண்டு விரலிலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். துளி ஆட்டம் இருந்தால் ரிவிட்டைத் தட்டி இறுக்கலாம், அதைப் பின்னால் சொல்கிறேன். மேலும் கீழும் ஆடினால் வேண்டாம். அது ஓட்டையே பெரிதாகப் போட்டுவிட்ட கத்தி, எப்படித் தட்டினாலும் நிற்காது.

ஸ்பிரிங் கத்தி என்றால் பாதி திறந்த நிலையில் விட்டுப் பாருங்கள். தொங்கி விழுந்தால் ஸ்பிரிங் செத்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, முதுகுப் பட்டைக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே பாருங்கள். ஒளி மெல்லிய கோடாகத் தெரிந்தால் சரி. நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் மண்ணும் மாம்பழச் சாறும் அதற்குள்தான் குடியிருக்கும்.

அப்புறம் ஒரு காந்தம். எங்கள் கடையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த ஒன்று கிடக்கிறது, அதைத்தான் பையன்களிடம் கொடுத்தனுப்புவேன். தட்டு, டம்ளர் செய்யும் எவர்சில்வரில் பெரும்பகுதி காந்தத்தில் ஒட்டாது. அந்த ரகத்தைக் காய்ச்சித் தோய்த்துக் கடினப்படுத்தவும் முடியாது. கத்திக்கு ஏற்ற ஸ்டெயின்லெஸ் வேறு ரகம், அது ஒட்டும். அலகில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அது பாத்திரத் தகடு, கூர் ஒரு வாரம் தாங்காது. ஒட்டினால் மட்டும் நல்ல எஃகு என்று ஆகிவிடாது, ஒட்டாததை ஒதுக்க இது உதவும். இணையத்தில் ஒருமுறை படத்தைப் பார்த்து மயங்கி மரக் கைப்பிடிக் கத்தி ஒன்றை வரவழைத்தேன். கைப்பிடி அத்தனை அழகு. அலகில் காந்தத்தை வைத்தேன், வழுக்கிக் கீழே விழுந்தது. இரண்டு நாள் நூல் வெட்டியதற்கே வாய், அதாவது வெட்டும் ஓரம், மடிந்துபோனது. இப்போது பாலிதீன் பையைக் கிழிக்கவும் அதைத் தொடுவதில்லை.

கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ்ஸா என்று தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் புதியவர்களுக்கு நான் கார்பன் எஃகைத்தான் சொல்வேன். துருப்பிடிக்கும், உண்மைதான். ஆனால் கல்லில் சுலபமாகத் தீட்ட வரும். தீட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை.

முதல் சாயங்காலம்

கத்தியை வீட்டுக்குக் கொண்டு வந்தாகிவிட்டது. சரி, இப்போது வேலை ஆரம்பம்.

முதலில் அழுக்கெடுப்பு. மலிவுக் கத்தியின் மூட்டுக்குள் பாலிஷ் பொடியும் கிரீஸும் குழைந்து கிடக்கும். ஒரு மூடியில் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி, மூட்டை நனைத்து, முப்பது நாற்பது தடவை திறந்து மூடுங்கள். கறுப்பாக வழியும். துடையுங்கள், மறுபடி நனையுங்கள். வழிவது தெளிவாகும்வரை செய்யுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து வெயிலில் வைத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அரை மணி நேரம் போதும். காய்ந்ததும் மூட்டில் ஒரே ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். இதைச் செய்து முடித்ததுமே கத்தியின் நடை மாறியிருக்கும்.

அடுத்தது ரிவிட்டு. பக்கவாட்டில் ஆட்டம் இருந்தால் கருங்கல் மேலோ இரும்புக் கட்டை மேலோ ரிவிட்டின் ஒரு தலை படும்படி வைத்து, மறுதலையைச் சின்ன சுத்தியால் தட்டுங்கள். அடிக்க வேண்டாம், தட்டினால் போதும். இரண்டு தட்டு, திறந்து பார்ப்பது. மறுபடி இரண்டு தட்டு. பொறுமை இல்லாமல் ஓங்கி ஒன்று வைத்தால் மூட்டு இறுகி அலகு நகராமல் நின்றுவிடும். அப்படி ஆகிவிட்டால் எண்ணெய் விட்டுத் திறந்து மூடித் திறந்து மூடித்தான் தளர்த்த வேண்டும். எனக்கு ஒருமுறை அதற்கே ஒரு மணி நேரம் ஆனது.

கைப்பிடித் தகட்டின் ஓரங்கள் பல கத்திகளில் அலகைவிடக் கூராக இருக்கும். மென்மையான அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, 400-ஆம் எண் உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். மரக் கைப்பிடியில் பளபளப்பு பூசியிருந்தால் அதையும் தேய்த்து எடுத்துவிடலாம், வியர்வைக் கையில் வழுக்காது.

தீட்டுவது

பலர் இங்கேதான் தப்புச் செய்கிறார்கள். மழுங்கலாக இருக்கிறது என்று நேராகச் சாணைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவார்கள். நானும் போனேன். தெருவில் சைக்கிளோடு வரும் ஒரு பெரியவர் கத்தியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நைனா, இத சக்கரத்துல குடுக்காத. இம்மாம் மெல்லிசு, சூடேறி நீலம் பூத்துச்சுன்னா பதம் போச்சு. கல்லு வாங்கிக் கையில தேச்சிக்கோ." வந்த வேலையை வேண்டாம் என்று சொன்ன மனிதர். அவர் சொன்னது அப்படியே உண்மை. எஃகு நீலம் பூப்பது ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸில். கொல்லன் கொடுத்த தோய்ச்சல் அந்தச் சூட்டில் இளகி, அந்த இடம் மட்டும் மென்மையாகிவிடும். மெல்லிய வாயில் அந்தச் சூடு ஏறக் கண்ணிமைக்கும் நேரம் போதும்.

இரும்புக் கடையில் இரண்டு பக்கக் கார்போரண்டம் கல் கேளுங்கள். ஒரு பக்கம் கொரகொரப்பு, மறுபக்கம் நைஸ். ஈரத் துணி மேல் வைத்தால் கல் நகராது. கல்லில் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

சாய்வுதான் எல்லாம். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. சின்ன மடக்குக்கத்தியின் அலகு பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டர் அகலம் இருக்கும். ஒரு ரூபாய் நாணயம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். அலகைக் கல்லில் படுக்க வைத்து, அதன் முதுகுக்கு அடியில் மூன்று நாணயம் அடுக்கினால் கிடைக்கும் சாய்வு சுமார் 17 டிகிரி. பழம், நூல், காகிதம் வெட்ட இது போதும். என்னைப் போல எனாமல் சுரண்டுகிறவர்கள் நான்கு நாணயம் வைக்கலாம், வாய் சீக்கிரம் மடியாது. அந்த உயரத்தைக் கண்ணால் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு நாணயத்தை எடுத்துவிடுங்கள். அப்புறம் அதே சாய்வில், கல்லின் மேலிருந்து ஒரு மெல்லிய ஏட்டைச் சீவுவது போல, அடியிலிருந்து முனைவரை ஒரே இழுப்பாகத் தள்ளுங்கள். முனை நெருங்கும்போது அலகு வளைவதால் கைப்பிடியைக் கொஞ்சம் தூக்க வேண்டும்.

சாய்வு சரியாக விழுகிறதா என்று சந்தேகமா? வாய் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்பு தீட்டிவிட்டு நான்கு இழுப்பு இழுத்துப் பாருங்கள். கறுப்பு மேல்பக்கம் மட்டும் அழிந்தால் கையைத் தூக்க வேண்டும். வாய் ஓரத்தில் மட்டும் அழிந்தால் தாழ்த்த வேண்டும்.

ஒரு பக்கமே தேய்த்துக்கொண்டிருங்கள். எண்ணிக்கை முக்கியமில்லை. மறுபக்கத்தில் பிசிறு எழும்பும்வரை தேய்க்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க விரல் நுனியை முதுகிலிருந்து வாய்ப் பக்கம் வெளிநோக்கி மெதுவாகத் தடவுங்கள். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் ஓட்டக் கூடாது. ஓரத்தில் ஏதோ சின்னதாக நெருடும், நகம் சரியாக வெட்டாமல் விட்டது போல. அடியிலிருந்து முனைவரை அந்த நெருடல் இருந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று பொருள். பாதியில் விட்டுவிட்டு "இந்தக் கத்தி கூர் பிடிக்கவே மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம். கத்தி புதிதென்றால் கொரகொரப்புப் பக்கத்தில் பக்கத்துக்கு இருபது நிமிடம்கூட ஆகலாம், ஏனென்றால் மலிவுக் கத்தியை வாய் தடிமனாகவே விட்டு அனுப்புகிறார்கள். பிசிறு வந்ததும் மறுபக்கம், பிறகு நைஸ் கல்லில் இரண்டு பக்கமும், அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே.

கடைசியில் தோல். இந்த விஷயத்தில் நம் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எங்கு கேட்டாலும் துண்டுத் தோல் கிடைக்கும். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட ஊர்கள் இவை. பட்டையில் பதனிட்ட தோல் கிடைத்தால் அதுவே நல்லது, அழுத்தினால் அதிகம் அமுங்காது. ஒரு சாண் நீளத் துண்டை மரப்பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள். நாவிதர் கத்தி தீட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே போல வாய் பின்னால் வரும்படி, முதுகு முன்னால் போக இழுக்க வேண்டும். பக்கத்துக்கு இருபது இழுப்பு. கல் விட்டுவைத்த பிசிறு இதில் போய்விடும். செய்தித்தாளைத் தொங்கவிட்டு மேலிருந்து இழுத்துப் பாருங்கள். கிழியாமல் அறுத்துக்கொண்டு போனால் இனி அது உங்கள் கத்தி.

மூட்டுக்குப் பக்கத்தில், அலகின் அடியில் கூரில்லாத ஒரு சின்ன முட்டு இருக்கும். மடக்கும்போது அதுதான் உள்ளே இடித்து நின்று, வாய் ஸ்பிரிங்கில் மோதாமல் காக்கிறது. அழகுக்காக அதைத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்தால் ஒவ்வொரு முறை மடக்கும்போதும் வாய் எஃகில் அடித்து ஓர் இடம் மட்டும் மழுங்கிக்கொண்டே இருக்கும்.

கையில் எடுத்தபின்

மெல்லிய அலகுதான் இந்தக் கத்திகளின் பெரிய பலம். இன்றைக்குக் கறுப்புப் பூச்சோடு வரும் கனத்த கத்திகளின் முதுகு இரண்டு மடங்கு தடிமன். மாங்காயில் இறக்கினால் ஆப்பு போலப் பிளக்கும், வெட்டாது. என் சந்தைக் கத்தி கொய்யாவைக் காகிதம் போலச் சீவும். விலை குறைவு என்பதால் பயமில்லாமல் தீட்டிப் பழகலாம், தொலைந்தால் இரண்டு நாளில் மனம் ஆறிவிடும். ரிவிட்டும் தகடும்தான் என்பதால் பழுது பார்க்கவும் யாரையும் தேட வேண்டாம்.

ஆனால் முனையால் நெம்பாதீர்கள். டப்பா மூடி, ஆணி, பேட்டரி மூடி எதையும். மெல்லிய முனை முறிந்து எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. நுங்கு, தேங்காய், கரும்புக்கு அரிவாள் இருக்கிறது. பெல்ட்டில் ஓட்டை போட செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள், ஒரு நிமிட வேலை. இறைச்சி வெட்டவும் வேண்டாம். மூட்டுக்குள் போகும் கொழுப்பைக் கழுவி எடுக்கவே முடியாது.

எங்கள் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இன்னொன்று. தகட்டுக் கைப்பிடி முழுக்க மின்சாரம் பாயும். மெயின் சுவிட்சை நிறுத்தி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் வயரில் கத்தி படவேண்டும்.

மூடும்போது நான்கு விரலும் அலகு வரும் வழியில் இருக்கக் கூடாது. கைப்பிடியை இரண்டு பக்கமும் விரல் நுனிகளால் பிடித்து, மறுகையின் உள்ளங்கையை முதுகில் வைத்துத் தள்ளுங்கள். யாராவது கேட்டால் மடக்கிய பிறகே கொடுங்கள்.

துருவும் கறையும்

கார்பன் எஃகை முதல் நாள் மாங்காயில் இறக்கினால் அலகு கறுக்கும், துண்டிலும் கறுப்பு ஒட்டும், நாக்கில் இரும்பு ருசி தெரியும். பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புளிப்பு பட்டு எஃகின் மேல் படியும் சாம்பல் நீலக் கறை அது. பத்துப் பதினைந்து நாளில் அலகு முழுக்கப் பரவிவிட்டால் ருசியும் வராது, துருவும் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. துருவை அடையாளம் காண்பது சுலபம். செம்மண் நிறம், தேய்த்தால் விரலில் ஒட்டும். நன்றாகப் படிந்துவிட்ட கறை ஒட்டாது.

வேலூரில் மழையைவிட வியர்வைதான் கத்திக்கு எதிரி. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் பேண்ட் பையில் கிடக்கும் கத்தி உப்பிலேயே ஊறிக்கொண்டிருக்கும். இரவில் எடுத்துத் துடைத்து வையுங்கள். பழம் வெட்டுகிற கத்தி என்றால் அலகில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். நல்லெண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுவென்று மூட்டில் ஒட்டிக்கொள்ளும். மரக் கைப்பிடிக் கத்தி வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேறு தொல்லை. மரம் ஈரம் குடித்து உப்பி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் இழுத்து நகத்தை உடைத்துக்கொள்ளாமல், கைப்பிடியின் அடிமுனையை மேசை ஓரத்தில் தட்டுங்கள், அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். காய்ந்த பிறகு தானே சரியாகிவிடும்.

சட்டம்

பலரும் கேட்பதால் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் இருக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்குச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நம் மூன்று அங்குலக் கத்தி அந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. அதற்காக எங்கும் கொண்டுபோகலாம் என்று இல்லை. விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது, பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட வேண்டும். கோர்ட்டு, ஸ்ரீபுரம் கோயில் போலச் சோதனை உள்ள இடங்களுக்குப் போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். திருவிழாக் கூட்டத்துக்கும் அப்படித்தான்.

மூட்டு தேய்ந்துபோனால்

தினமும் உழைத்தால் மலிவுக் கத்தியின் மூட்டு சில வருடங்களில் தளர்ந்துவிடும். ரிவிட்டைத் தட்டுவீர்கள், ஒரு மாதம் நிற்கும், மறுபடி ஆடும். அப்புறம் பதினைந்து நாள், அப்புறம் ஒரு வாரம். இரண்டு தட்டுகளுக்கு நடுவே வாரக் கணக்கு குறைந்ததும் அதை மடக்குக்கத்தியாக வைத்திருப்பதை நிறுத்திவிடுங்கள். ரிவிட்டின் தலையை அரத்தால் ராவி, ஆணி கொண்டு தட்டி வெளியே எடுத்தால் அலகு தனியாக வந்துவிடும். ஒரு சாண் மூங்கிலின் நுனியைப் பிளந்து, அலகின் அடியைச் செருகி, கட்டுநூலால் நெருக்கமாகச் சுற்றி, மேலே வார்னிஷ் பூசிக் காய வையுங்கள். என் விரலை வெட்டிய பொய்கைக் கத்தி இப்போது அப்படித்தான் எங்கள் மேசையில் இருக்கிறது. தீட்டித் தீட்டி அகலம் பாதியாகிவிட்டது. எனாமல் சுரண்ட அதைவிடத் தோதான கத்தி கடையில் வேறு இல்லை.